ஐந்து பேர், ஓர் அடுப்பு, 5,000 ரூபா: 2022இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வாடகை அறையில் மாணவிகள் உண்ட விதம்

2022ஆம் ஆண்டு முழுவதும் நாங்கள் எழுதிவந்த சமையல் கணக்குக் கொப்பி இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அட்டையில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. உள்ளே இடப்பக்கம் சாமான், வலப்பக்கம் விலை, அடியில் யார் காசு கொடுத்தது என்ற விபரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அருகே திருநெல்வேலியில், ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்த ஐந்து மாணவிகளின் கணக்கு அது. அவர்களில் நானும் ஒருத்தி. இலங்கையில் அந்த வருடம் உணவு விலை ஏறிய வேகத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகையில் உணவு விலை உயர்வு ஜனவரியில் 25 வீதமாக இருந்து செப்டெம்பரில் 94.9 வீதமாயிற்று. ஆயினும் அந்த எண் ஒரு பிள்ளையின் கோப்பையிலிருந்து எந்தச் சாப்பாட்டை முதலில் எடுத்தது, எதை இரண்டாவதாக எடுத்தது, எதைக் கடைசிவரை விட்டுவைத்தது என்பதைச் சொல்லாது. அந்த ஒழுங்கு கொப்பியில் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

அறையும் ஆட்களும்

ஐவரும் அப்போது கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம். ஒருத்தி ஹற்றனுக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். தாய் கொழுந்து பறிப்பவர். ஒருத்தி கிளிநொச்சி, இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் குடும்பம். ஒருத்தி மன்னார்க் கரையோரம், தகப்பனுக்குக் கடற்றொழில். ஒருத்தி மட்டக்களப்பு; தாய் தையல் மெஷினில் இருந்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். நான் பருத்தித்துறைப் பக்கம். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் ஞாயிறு திரும்பி வர எனக்கு வசதி இருந்தபடியால், ஐவரில் குறைவாகக் கஷ்டப்பட்டவள் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நால்வருக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தது. மட்டக்களப்புப் பிள்ளைக்கு உதவுதொகை. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல நிதியம் அப்போது மாணவர் ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாவை ஒட்டிய தொகையையும், உதவுதொகை 4,000 ரூபாவையும் வழங்கி வந்தன. மகாபொல 2015இல் அந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. அதன் பிறகு ஏழு வருடங்களாக அசையவில்லை. அதற்கு மேல் வீட்டிலிருந்து அவரவர் நிலைமைக்கேற்ப வரும் காசில் அறை வாடகை, போட்டோகொப்பி, பஸ், தொலைபேசி டேற்றா எல்லாம் அடங்க வேண்டும். பொது அடுப்புக்கென்று ஆளுக்கொரு பங்கு போட்டு, காலையும் இரவும் சேர்ந்து சமைத்தோம். மத்தியானம் அவரவர் பாடு. பெரும்பாலும் ஒரு மரக்கறிச் சோற்றுப் பார்சல்.

ஜனவரி மாதத்துப் பக்கங்களைப் பார்த்தால் குறையேதும் தெரியாது. காலையில் பாணும் பருப்பும், அல்லது பாணும் சம்பலும், ஆளுக்கொரு பால்தேநீர். இரவில் புட்டோ இடியப்பமோ, ஒரு கறி, சொதி. கிழமையில் நான்கு நாளாவது முட்டை, ஒரு நாள் மீன். மாதத்தில் ஒருமுறை கடையில் கொத்துரொட்டி. மாணவர் வாழ்க்கைக்கு இது ஆடம்பரமும் அல்ல, பட்டினியும் அல்ல. அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதை இந்த ஜனவரிச் சாப்பாட்டோடு வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மலிவுச் சாமான் முதலில் ஏறியது

பொதுவாக விலைவாசி ஏறும்போது மனிதர் மலிவான சாப்பாட்டுக்கு இறங்குவார்கள் என்பார்கள். எங்களுக்கு இறங்குவதற்குப் படி இருக்கவில்லை, ஏனெனில் நாங்கள் ஏற்கனவே நின்றது அந்தக் கடைசிப் படியில்தான். அந்தப் படியே முதலில் உயர்ந்தது. இதற்கான காரணம் கொப்பியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. பாணுக்கான கோதுமை இலங்கையில் விளைவதில்லை. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. பால்மாவின் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருகிறது. ரின்மீனும் சமையல் எரிவாயுவும் கப்பலில் வருபவையே. மாணவர் அறையில் மலிவென்று வாங்கப்படும் சாமான்களில் அரைவாசிக்கு மேல் டொலரில் வாங்கப்படுபவை என்பதை நாங்கள் அந்த மார்ச் மாதம்வரை யோசித்ததே இல்லை.

2022 மார்ச் 7ஆம் திகதி, ரூபாவின் பெறுமதியைப் பிடித்துவைத்திருந்த கையை மத்திய வங்கி தளர்த்தியது. அதுவரை 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதம் ஆகும்போது 360 ரூபாவை எட்டியது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 400 கிராம் பால்மாப் பைக்கற் 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபா. கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டதும் 480. ஆண்டு முடிவில் 540. 2022 மார்ச்சில் ஒரேயடியாக 790. அதே மாதம் கடைகளில் பால்தேநீர் ஒன்றின் விலை 100 ரூபாவாயிற்று.

மகாபொலப் பணத்தை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 167 ரூபா வருகிறது. ஒரு பால்தேநீர் குடித்தால் அதில் மிஞ்சுவது 67. இந்தக் கழித்தலை மட்டக்களப்புப் பிள்ளை கொப்பியின் பின்னட்டையில் பென்சிலால் செய்து பார்த்திருக்கிறாள். அவளுடைய 4,000 ரூபாவுக்கு நாளொன்றுக்கு 133, மிஞ்சுவது 33. அன்றிலிருந்து அவள் கடையில் தேநீர் குடிக்கவில்லை.

உள்ளூரில் விளைந்ததும் எங்களைக் காப்பாற்றவில்லை. 2021 ஏப்ரல் இறுதியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது; ஆண்டின் பிற்பகுதியில் அந்தத் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகப் பயிர் நிலத்தில் நின்றது. உரமில்லாமல் விளைந்த அந்த நெல்லைத்தான் 2022இன் தொடக்கத்தில் வெட்டினார்கள். கிளிநொச்சிப் பிள்ளை ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவருவாள். முன்பு தகப்பன் பஸ்ஸில் ஏற்றிவிட, இறங்குமிடத்தில் இரண்டு பேர் போய்த் தூக்கி வருவோம். அறுவடைக்குப் பின் வந்த மூட்டையை அவள் தனியே தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அப்படியிருந்தும் எங்கள் அறையில் சோறு நிற்காமல் இருந்ததற்கு அந்த மூட்டைதான் காரணம். மே மாதம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட உச்ச விலைப்படி நாட்டரிசி கிலோ 220 ரூபா. வயல் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருத்தி இல்லாத அறைகள் அந்த விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து வீடுகளில் இருந்த மாணவிகளோடு பேசும்போது இந்த வித்தியாசம் உடனே தெரிந்தது.

அடுப்பு

சாப்பாட்டு விலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எரிபொருளை மறந்துவிடுகிறார்கள். எங்கள் கொப்பியில் அதிக அடித்தல் திருத்தல் உள்ள இடம் அடுப்புக் கணக்குத்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் கொழும்பு விலைப்படி 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபா. அந்த ஒக்டோபரில் 2,675 ரூபா அளவுக்கு ஏறியது. 2022 ஏப்ரலில் 4,860. யாழ்ப்பாணத்துக்கு வரும்போது ஏற்றுக்கூலியும் சேரும். ஆறு மாதத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏறிய இந்த விலையைக்கூட ஐந்து பேர் பிரித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மே மாதத்துக்குப் பிறகு காசைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வரிசையில் வெறும் சிலிண்டரை வைத்துவிட்டு விரிவுரைக்குப் போய்த் திரும்பி வந்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

எரிவாயு விலை ஏறத் தொடங்கியபோதே நாங்கள் ஒரு மின்னடுப்பு வாங்கியிருந்தோம். பழையது, ஒருவரிடமிருந்து 2,000 ரூபாவுக்கு. மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம்வரை போனது. மின்சாரம் எப்போது வரும் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து அதற்கேற்பச் சமைத்தோம். இரவு பத்தரை மணிக்கு அரிசி போட்டு, மறுநாள் காலைக்கும் மத்தியானத்துக்கும் அதையே வைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஏப்ரல், மே மாத வெக்கையில் அப்படி வைத்த சோறு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளித்ததைக் கொட்ட மனம் வராமல் தண்ணீர் ஊற்றி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு குடித்தோம். பழஞ்சோறு யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. விருப்பத்தோடு குடிப்பதும் வேறு வழியில்லாமல் குடிப்பதும் ஒன்றல்ல. பிறகு ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. வீட்டுக்கார அன்ரி பில்லைக் கொண்டுவந்து காட்டியபோது அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே மின்னடுப்பைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

மூன்றாவது வழி விறகு. அன்ரியின் பின்வளவில் நான்கு தென்னையும் எல்லையில் ஒரு வரிசைப் பனையும் நின்றன. "பிள்ளையள், பாளையும் மட்டையும் சும்மாதானே கிடக்குது, பொறுக்கி எரியுங்கோ, என்னட்டைக் கேக்கத் தேவையில்லை" என்று அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தின் பெறுமதியைக் காசில் போட என்னால் முடியவில்லை. கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்தோம். மட்டக்களப்புப் பிள்ளைக்கு மட்டுமே பாளையும் மட்டையும் கொண்டு அடுப்பு மூட்டத் தெரிந்திருந்தது. பன்னாடையை அடியில் வைத்து, மேலே பாளையைக் குறுக்காக அடுக்கி, பொச்சுமட்டையைக் கடைசியில் போட வேண்டும் என்று எங்களுக்கு அவள்தான் பழக்கினாள். காலை எட்டு மணி விரிவுரை இருந்தால் ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். மழை பெய்தால் அடுப்பு இல்லை. சட்டையிலும் தலைமயிரிலும் புகைமணம் ஏறியிருக்கும்; அந்த மணத்தோடு விரிவுரை மண்டபத்தில் முன்வரிசையில் இருக்க ஹற்றன் பிள்ளைக்கு வெட்கம். அவள் பின்வரிசைக்குப் போனது அந்த மாதங்களில்தான்.

அடுப்பு மாறியதும் சாப்பாடு மாறியது. நெடுநேரம் வேக வேண்டிய கடலை, கௌபி, பயறு ஆகியவை கொப்பியிலிருந்து மறைந்துவிட்டன. இவை மூன்றும் நல்ல புரதம் தருபவை. இறைச்சி, மீன் வாங்க முடியாதபோது மாற்றாகச் சாப்பிடும்படி பரிந்துரைக்கப்படுபவை. அந்தப் பரிந்துரை ஒரு கிலோ கடலையை அவிக்க எவ்வளவு விறகு வேண்டும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கோப்பையிலிருந்து போனவை

முதலில் போனது பால். மார்ச் 20ஆம் திகதிக்குப் பிறகு கொப்பியில் பால்மா என்ற சொல் இல்லை. அதன் இடத்தில் தேயிலையும் சீனியும் இருக்கின்றன. பால்தேநீர் பிளேன்ரீ ஆயிற்று. அது பெரிய இழப்பாக அப்போது படவில்லை. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்றிருந்தது நான்கு, ஐந்து தடவையாயிற்று. சீனி போட்ட பிளேன்ரீ பசியை ஒன்றரை மணித்தியாலம் அமத்தி வைக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது என்பதை நான் பின்னர்தான் படித்தேன். மாதாமாதம் இரத்தம் இழக்கும் வயதிலுள்ள ஐந்து பெண்கள், மீனும் முட்டையும் குறைந்த அதே காலத்தில் தேநீரை இரண்டு மடங்காக்கியது நாங்கள் அறியாமல் செய்த பிழை.

இரண்டாவதாகப் போனது மீன். மன்னார்ப் பிள்ளையின் வீட்டிலிருந்து கருவாடு வருவது வழக்கம். கரையோரத்துச் சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் அவளுடைய தகப்பன் கடலுக்குப் போகும் நாட்கள் குறைந்தன. ஓகஸ்ட் 21ஆம் திகதி லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது எண்ணெய் கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. கருவாடு நின்றதோடு, அவளுக்கு வீட்டிலிருந்து வந்த காசும் நின்றது. ஒரே அடி இரண்டு இடத்தில் விழுந்தது. அவளுடைய பங்கை ஜூலையிலிருந்து மற்ற நால்வரும் பிரித்துப் போட்டோம். அதை அவள் ஒவ்வொரு மாதமும் தன் பெயருக்கு நேரே கடனாகவே எழுதிவைத்தாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

மூன்றாவது முட்டை. ஜனவரியில் முப்பது முட்டை கொண்ட தட்டு இரண்டு வாங்கியிருக்கிறோம். ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை அறிவிக்கப்பட்டது. அறிவித்த விலைக்கு முட்டை எங்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. செப்டெம்பர்ப் பக்கத்தில் "முட்டை 6" என்று இருக்கிறது. ஒரு மாதத்துக்கு, ஐந்து பேருக்கு. அந்த ஆறும் ஒரே தடவையில் வாங்கியவை; கிளிநொச்சிப் பிள்ளையின் பிறந்தநாள்.

நான்காவதாகப் போனது காலைச் சாப்பாடு. இது ஒருநாளில் போகவில்லை. பாண் விலை ஏறியதால் ஒரு றாத்தல் பாணை ஐந்தாக வெட்டினோம். பிறகு இருவர் காலையில் வேண்டாமென்றார்கள். பிறகு பத்தரை மணிக்கு நேரத்தோடு பார்சல் வாங்கி, காலைக்கும் மத்தியானத்துக்கும் ஒன்றாக முடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. வருடத் தொடக்கத்தில் 150 ரூபாவுக்கு வாங்கிய மரக்கறிப் பார்சல் வருடம் முடியுமுன் 300 ரூபாவாயிற்று. சோறு மட்டும் அதே அளவு, கறி ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி. அதையும் இருவர் வாங்கிப் பிரித்தார்கள். வாழையிலையை நடுவில் விரித்து, சோற்றில் விரலால் ஒரு கோடு போட்டு, அவரவர் பக்கத்திலிருந்து உண்பது. மட்டக்களப்புப் பிள்ளையும் ஹற்றன் பிள்ளையும் அப்படி உண்பதை நான் பலநாள் பார்த்திருக்கிறேன். இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பார்கள். கடைசியில் நடுவில் ஒரு பிடி சோறு இருவரும் எடுக்காமல் மிஞ்சிக் கிடக்கும்.

சோறு கடைசிவரை போகவில்லை. ஆகவே வெளியிலிருந்து பார்த்தவருக்கு நாங்கள் பட்டினி கிடந்தவர்களாகத் தெரிந்திருக்க மாட்டோம். உண்மையில் பட்டினி கிடக்கவுமில்லை. வயிறு நிறைய மாப்பொருள், அதைச் சுற்றி இருந்த எல்லாமே வெறுமை. மாணவரிடையே விலையேற்றம் எடுத்த உருவம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஆண்டு உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து செய்த மதிப்பீடு நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகச் சொன்னது. வீடு வீடாக எடுக்கப்படும் கணக்கில், வீட்டை விட்டு வந்து வாடகை அறையில் இருக்கும் பிள்ளை இலகுவில் தவறிப்போகக்கூடியவள். வீட்டில் கேட்டால் அவள் கம்பஸில் இருக்கிறாள்; கம்பஸில் கேட்டால் அவள் வீட்டுப் பொறுப்பு.

புதிதாக வந்து சேர்ந்த உணவுகளும் சில உண்டு. வேலியில் சும்மா நின்ற முருங்கையிலிருந்து இலை பறித்து வறுத்தோம். அதுவரை அதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்து, செத்தல்மிளகாய்ச் சம்பலோடு உண்டோம். சோயாமீற் பைக்கற் ஒன்று இரண்டு நாளுக்குக் கறியாயிற்று. முருங்கையிலை வறை உண்மையிலேயே நல்ல சாப்பாடு, இப்போதும் விரும்பி உண்கிறேன். பல பக்கங்களில் நெருக்கடி எடுத்துக்கொண்டதை எழுதிய எனக்கு, அது கொடுத்துவிட்டுப் போன ஒன்றையும் எழுதாமல் விட மனமில்லை.

இந்த மாதங்களில் அறையில் அதிகம் கேட்ட வசனம் "எனக்குப் பசிக்கேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்பது. கன்டீனுக்குப் போவோமா என்று நண்பிகள் கேட்டால் நூலகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்வது. கொத்துக்குக் காசு சேர்த்தால் தலையிடி என்று படுப்பது. பிறந்தநாளுக்கு முதல்நாளே ஊருக்குப் போய்விடுவது. காசு இல்லை என்று சொல்லும் பிள்ளையைவிடப் பசியில்லை என்று சொல்லும் பிள்ளைகளே அதிகம். பல்கலைக்கழகத்தில் உதவி செய்ய மனமுள்ள விரிவுரையாளர்கள் இருந்தார்கள். ஆனால் கையை உயர்த்தச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் உயர்த்த மாட்டார்கள். உதவி தேவையானவர் தம்மைத் தாமே காட்டிக்கொள்ள வேண்டிய எந்த ஏற்பாடும் மாணவர் மத்தியில் வேலை செய்யாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வீட்டுக்குத் திரும்பிய பணம்

ஒக்டோபரில் கணக்குச் சரிபார்த்தபோது ஹற்றன் பிள்ளையின் வரிசையில் ஒரு விடயம் பிடிபட்டது. மே மாதத்திலிருந்து அவள் பொது அடுப்புக்குப் போட்டது தவிர வேறெதற்கும் செலவழிக்கவில்லை. பார்சலில் பாதி, பஸ் இல்லை, டேற்றா இல்லை. மிச்சக்காசு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். மகாபொலவில் மாதம் 2,000 ரூபாவை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022இன் விலையேற்றம் முழுவதிலும் அது அங்கேயே நின்றது. அதன்படி ஓர் எரிவாயு சிலிண்டருக்கு ஐந்து நாள் கொழுந்து பறிக்க வேண்டும். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் விறகு எரிப்பதால் சிலிண்டர் அவர்களுக்குப் பிரச்சினை அல்ல. பிரச்சினை கோதுமை மா. மலையகத்துத் தோட்டங்களில் காலையும் இரவும் ரொட்டிதான் பிரதான சாப்பாடு. மா விலை ஏறியபோது அந்த வீடுகளில் ஏறியது ஒரு சாமானின் விலை அல்ல, ஒரு நாளின் இரண்டு வேளைச் சாப்பாட்டின் விலை. வீட்டில் படிக்கிற தம்பிகள் இருவர். பெரிய அக்காவுக்கு மாதாமாதம் நிச்சயமாக வரும் 5,000 ரூபா, அந்தக் குடும்பத்தில் திகதி தெரிந்த ஒரே வருமானமாயிருந்தது.

புலமைப்பரிசில் மாணவருக்குப் போதுமா போதாதா என்ற கேள்வி பெரும்பாலும், குடும்பம் பிள்ளைக்கு அனுப்பும் காசோடு அதைக் கூட்டிப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. காசு எதிர்த்திசையில் போகும் வீடுகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஹற்றன் பிள்ளையின் கணக்கில் அந்த வருடம் உண்பதற்கென்று இருந்தது 3,000 ரூபா, நாளொன்றுக்கு 100. ஒரு பால்தேநீர்.

விலை ஏறுவது நின்ற பிறகு

2023இல் நிலைமை மாறியதாகச் செய்திகள் சொன்னன. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவு விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட 5.2 வீதம் குறைந்திருந்தது. பணவீக்கம் அடங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாடு 2022 செப்டெம்பரில் 195 ரூபாவுக்குப் போய், அதிலிருந்து 5.2 வீதம் இறங்கினால் 185 ரூபாவில் நிற்கிறது. ஏறுவது நின்றது, ஏறியது இறங்கவில்லை. அந்தக் கணக்கின்படி 2021இன் 5,000 ரூபாவுக்குரிய அதே சாப்பாட்டை வாங்க 2023இல் 9,200 ரூபாவுக்கு மேல் வேண்டியிருந்தது. அப்போதும் மகாபொல 5,000தான். 2025ஆம் ஆண்டுப் பாதீட்டில் அது 7,500 ஆகவும், உதவுதொகை 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. பத்து வருடத்துக்குப் பின் வந்த உயர்வை நான் குறைத்து மதிக்கவில்லை. 2,500 ரூபா ஓர் அறைக்குள் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாடு இரண்டு மடங்கை நெருங்க, பணம் ஒன்றரை மடங்காகியிருக்கிறது. இடைப்பட்ட மூன்று வருட வித்தியாசத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அது உண்ணாமல் விட்ட சாப்பாடாகக் கழிந்துவிட்டது.

தொகையை எப்போதாவது ஒருமுறை பெரிதாக உயர்த்துவதைவிட, வருடாவருடம் உணவு விலைச் சுட்டெண்ணோடு சேர்த்து நகர்த்துவது மாணவருக்கு அதிகம் உதவும் என்பது என் முடிவு. 2022இல் எங்களை வீழ்த்தியது தொகையின் சிறுமை மட்டும் அல்ல. மார்ச்சிலிருந்து செப்டெம்பருக்குள் எல்லாமே நகர, அது ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. இன்னொன்று, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே எவரும் கேட்காமல், எவரும் பெயர் பதியாமல், எல்லோரும் வரிசையில் நின்று எடுக்கக்கூடிய ஒரு காலை உணவு. கஞ்சியாக இருந்தாலும் போதும். அடுப்பு, விறகு, வெட்கம் ஆகிய மூன்று தடைகளையும் அது ஒருசேரத் தாண்டும்.

நாங்கள் பட்டம் பெற்று வெளியேறிவிட்டோம். மன்னார்ப் பிள்ளை இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். தன் பெயருக்கு நேரே எழுதிய கடனை முதல் சம்பளத்திலேயே நால்வருக்கும் பிரித்து அனுப்பினாள். ஹற்றன் பிள்ளை இன்றைக்கும் காலையில் சாப்பிடுவதில்லை. காசு இல்லாமல் அல்ல, வயிறு கேட்பதில்லை என்கிறாள். பத்தரை மணிக்குத்தான் அவளுக்குப் பசி வருகிறது.

2025 தைப்பொங்கலுக்குப் பிறகு அன்ரியைப் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் அறைகளில் அப்போது வேறு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். எரிவாயு கிடைத்தது, கிணற்றடியில் எங்கள் மூன்று கல்லும் புல் மூடிக் கிடந்தன. அவர்களும் ஒரு கொப்பி வைத்திருந்தார்கள்; கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேங்காய் ஒன்று 200 ரூபாவுக்கு மேல் போன காலம் அது. முந்திய வருடப் பக்கங்களில் நாளுக்கொன்று என்றிருந்த தேங்காய், அந்த வருடப் பக்கங்களில் கிழமைக்கு இரண்டு என்று இருந்தது. இரவுச் சாப்பாட்டில் சொதி இல்லை. புட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அன்ரி உள்ளே போய், பின்வளவுத் தென்னையில் விழுந்த தேங்காய் இரண்டை எடுத்துவந்து அவர்களுடைய வாசற்படியில் வைத்தார்.